உன் அம்மா வழுக்கி விழவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும், உள்ளே இருந்துகொண்டே உன்னை உதைக்கிற அந்தச் சின்ன ஆளும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுதினால் அதில் பாதி பொய்யாகிவிடும், பொய் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் போனை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு வந்திருக்கிறேன். போன் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே இருப்பாள், அல்லது நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் 'சரிம்மா, அப்புறம் பேசறேன்' என்று நழுவிவிடுவேன். காகிதத்தில் நழுவ இடமில்லை. கையெழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும், பொறுமையாகப் படி, உட்கார்ந்து படி, முடிந்தால் மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது படி. பயப்படுகிற மாதிரி இப்போது ஒன்றும் நடந்துவிடவில்லை. நடந்தது எல்லாம் ஐந்து மாதத்துக்கு முன்னால் நடந்ததுதான்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். குளியலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது, பிளம்பர் மூன்று தடவை வந்து மூன்று காரணம் சொல்லிவிட்டு நாலாவது தடவை ஒரு ரூபாய் அகல வாஷரை மாற்றினார், அவ்வளவுதான் விஷயம். முன் அறைக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, நீ சொன்ன நிறம் இல்லை என்று கடைக்காரர் 'இதுவும் அதுவும் அண்ணன் தம்பி மாதிரிதான் சார்' என்று ஒன்றைக் கொடுத்தார், அடித்த பிறகு பார்த்தால் தம்பி கொஞ்சம் காமாலை வந்தவன் போல இருக்கிறான். எதிர் வீட்டு டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது தெருவுக்கே வகுப்பு எடுக்கிறார், குப்பைக்காரர்கூட அவரைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிறார். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ அனுப்பிய வழுக்காத விரிப்புகளைச் சமையலறையில் அடுப்புக்கு முன்னால் ஒன்று, தொட்டிக்கு முன்னால் ஒன்று என்று போட்டிருக்கிறோம். புதுச் செருப்பையும் அம்மா தினமும் போட்டுக்கொள்கிறாள். அந்த விரிப்பில் தினம் காலையில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு முள்மேல் நிற்பது போல இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மா சமையலறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டாள் என்று அன்றைக்குப் போனில் சொன்னேனே, அது பொய். அவள் விழவே இல்லை. அன்றைக்கு அவள் காரில் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையை உடைத்தது அவளுடைய தையல் மெஷின். அதைக் கட்டாமல் பின்சீட்டில் வைத்தவன் நான்.

நான் என்ன வேலை பார்த்தவன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் இந்த இடத்தில் அதைச் சொல்லாமல் முடியாது. முப்பத்தோரு வருடம் கிடங்கில் லோடு சூப்பர்வைசர். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கண்ணாடிப் பீரோ என்று எது லாரியில் ஏறினாலும் நான் ஒருமுறை கையால் அசைத்துப் பார்க்காமல் வாசலைத் தாண்டாது. ஆட்கள் முகத்துக்கு நேரே 'சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'கயிறு' என்பார்கள், 'கயிறு வர்றாருடா, முடிச்சைப் பாரு' என்று அவர்கள் கிசுகிசுப்பது எனக்குக் கேட்கும், உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும். கிடங்குச் சுவரில் என் கையாலேயே எழுதிவைத்திருந்தேன், 'வண்டி நிற்கும், சரக்கு நிற்காது' என்று. உனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தபோது பின்கண்ணாடிக்குக் கீழே ஒரு குடையை வைத்துவிட்டாய் என்று வண்டியை ஓரம்கட்டிக் கால்மணி நேரம் திட்டினேன், ஒரு பிரேக் அடித்தால் அது குடை இல்லை ஈட்டி என்றேன், நீ அழுதேவிட்டாய். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை என்பார்கள். பல்லியாவது தானே விழுந்தது. நான் உன் அம்மாவைத் தள்ளிவிட்டேன்.

அது ஒரு புதன்கிழமை. பள்ளிக்கூடச் சீருடை நாற்பது செட் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும் என்று அவள் ராப்பகலாகத் தைத்துக்கொண்டிருந்தாள், மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. மெஷின் ரிப்பேர்க்காரர் போனில் 'டேபிள் வேண்டாம்மா, தலையை மட்டும் கழட்டிக் கொண்டாங்க, பன்னெண்டு மணிக்குள்ள வந்தா நின்னு வாங்கிட்டுப் போயிடலாம்' என்றார். அந்தத் தலை பழைய காலத்து முழு இரும்பு, உனக்கே தெரியும், பன்னிரண்டு பதிமூன்று கிலோ இருக்கும். நான் தூக்கிக்கொண்டு வந்து டிக்கியைத் திறந்தால் உள்ளே நாலு பெயின்ட் டப்பா, ஒரு பெட்டி டைல்ஸ். வாங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது, இறக்க சோம்பேறித்தனம். கயிறும் இறுக்குகிற பெல்ட்டும் அதற்கெல்லாம் அடியில் கிடந்தன. அம்மா பார்த்துவிட்டு, 'என்னங்க, அதையெல்லாம் இறக்கி வெச்சுட்டு இதைக் கீழ வெச்சுக் கட்டிடுங்களேன், நான் ஒரு கை பிடிக்கறேன்' என்றாள். அப்படியே சொன்னாள், ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை. நான் மணியைப் பார்த்தேன், பதினொன்று நாற்பது. 'அட போம்மா, பத்து நிமிஷத் தூரம். பின்சீட்ல இருக்கட்டும், ஆடாம நீ ஒரு கையால பிடிச்சுக்கோ' என்றேன். 'இதையா? கையாலயா?' என்றாள். 'சும்மா ஆடாம இருக்கத்தான்' என்றேன். சீட்டில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தேன், ஏதோ குழந்தையைத் தூங்கவைப்பது போல. அவள் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவே வலது கையைப் பின்னால் விட்டு அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னதால் பிடித்துக்கொண்டாள்.

வேகமாகப் போனேன் என்று சொல்ல முடியாது, நாற்பது இருக்கும், நாற்பதெல்லாம் ஒரு வேகமா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நான் அப்படிக் கேட்கக்கூடாத ஆள். நாற்பதில் போய் சட்டென்று நின்றால் பன்னிரண்டு கிலோ எத்தனை ஆள் பலத்தோடு முன்னால் வரும் என்று வருடத்துக்கு ஒருமுறை புது ஆட்களுக்குச் சாக்பீஸ் பிடித்துக் கணக்குப் போட்டுக் காட்டியவன். பேக்கரியைத் தாண்டி வளைவில் திரும்பும்போது சந்துக்குள்ளிருந்து ஒரு சைக்கிள்காரர் அப்படியே குறுக்கே வந்தார். பிரேக் அடித்தேன். கார் நின்றது, அவர்மேல் படவில்லை, அவர் பயந்துபோய் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயேவிட்டார். எனக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, வேண்டாம். மெஷின் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டை ஹேண்ட்பிரேக்கோடு வைத்து நசுக்கிவிட்டது. பெல்ட் போட்டிருந்ததால் தலையும் முகமும் தப்பின. அவள் கத்தவில்லை. 'என்னங்க, விரல் இருக்கற மாதிரியே தெரியலைங்க' என்றாள், ஏதோ கரண்ட் போய்விட்டது என்று சொல்வதுபோல மெதுவாக. நான் மெஷினைத் தூக்கி நகர்த்தினேன், காரை எடுத்தேன், ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள், நரம்பும் அடிபட்டிருக்கிறது என்றார்கள். அவளை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் நானும் அவளும் வராந்தாவில் காத்திருந்தபோதுதான் உன் போன் வந்தது. நீ ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து, இதயத் துடிப்பு கேட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டாய். எவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். 'அம்மா எங்கே, அம்மாகிட்ட கொடுங்க' என்றாய். என் வாயில் அந்த நேரத்தில் வந்தது, 'அம்மா சமையலறையில வழுக்கி விழுந்துட்டாம்மா, கையில சின்ன அடி'. மூன்றாவது மாதத்தில் இருக்கிற பெண்ணைப் பயமுறுத்தக்கூடாது என்று அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை ராஜாத்தி. விபத்து என்றால் நீ 'எப்படி' என்று கேட்பாய். குடைக்காகத் திட்டு வாங்கிய பெண்ணிடம் என்ன பதில் சொல்வேன்? அதுதான் காரணம். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த உன் அம்மா நான் சொன்னதைக் கேட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டிப் போனை வாங்கி, 'ஆமாம்மா, தண்ணி சிந்தியிருந்தது, நான்தான் கவனிக்கலை' என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது நான், அந்தச் சோற்றைத் தினமும் தின்றது அவள். அதற்குப் பிறகு நீ அவளை எத்தனை தடவை திட்டியிருப்பாய். 'அந்தத் தேஞ்சுபோன செருப்பைத் தூக்கிப் போடுன்னு எத்தனை தடவை சொன்னேன், உனக்கு உன் உடம்புமேல அக்கறையே கிடையாதும்மா' என்று ஸ்பீக்கரில் நீ சொல்லச் சொல்ல, நான் அதே அறையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் 'சரிம்மா, சரிம்மா, இனிமே பார்த்து நடக்கறேன்' என்பாள். என்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு பெருமூச்சுகூட விடமாட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்குக் குறுகுறுத்தது, ஆனாலும் பேப்பரை இறக்கவில்லை. நீ அந்த விரிப்புகளும் செருப்பும் பார்சல் அனுப்பியபோது பெட்டியைப் பிரித்து அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'எவ்வளவு யோசிச்சு அனுப்பியிருக்கா பாருங்க' என்றாள். அவ்வளவுதான். நானே அதைத் தரையில் ஒட்டினேன், யாருமே விழாத இடத்தில்.

கை நன்றாகத் தேறிவிட்டது என்று உன்னிடம் சொல்லிவருகிறோமே, அதுவும் பாதிதான் உண்மை. எலும்பு கூடிவிட்டது. கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரலிலும் பிடிப்பு வரவில்லை. கத்தரிக்கோல் பிடித்தால் நாலு வெட்டுக்கு மேல் போவதில்லை. அந்த நாற்பது செட்டும் வேறொரு தையல்காரம்மாவுக்குப் போய்விட்டது, அடுத்த ஆர்டரும் அவருக்கே போனது, அவர்மேல் தப்பில்லை. மெஷினை ரிப்பேர்க்காரர் சரிபார்த்துக் கொடுத்துவிட்டார், அதில் ஒரு கீறல்கூட இல்லை, நூல் அறுவதும் நின்றுவிட்டது. முன் அறையில் போர்வை போர்த்தி வைத்திருக்கிறாள். அந்த அறைப் பக்கம் போனாலே எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கிறது.

போன மாதம் கடைவீதியில் நின்றுகொண்டிருந்தேன், ஒரு சின்ன சரக்கு வண்டி பக்கத்தில் வந்து நின்றது, ஓட்டுகிறவர் குதித்து இறங்கிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். பார்த்தால் பழைய கிடங்கு ஆள், எல்லாரும் 'கட்டை' என்று கூப்பிடுவோமே, அவர்தான். ஒருமுறை பக்கத்துத் தெருவுக்குப் போகிற வாஷிங் மெஷினைக் கட்டாமல் ஏற்றிவிட்டு 'பத்து நிமிஷத் தூரம்தானே சார்' என்று சொன்னதற்காக அவரை ஒரு வாரம் லோடில் சேர்க்காமல் உட்காரவைத்தேன். பிள்ளைகுட்டிக்காரர், கெஞ்சினார், நான் மசியவில்லை. அவர் என்னை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், 'பாருங்க சார், உங்க முடிச்சுதான் இன்னிக்கும் போடறேன், சொந்த வண்டி வாங்கி ஆறு வருஷம், ஒரு கண்ணாடி உடைஞ்சதில்லை, எல்லாம் நீங்க அன்னிக்குத் திட்டினதுதான்' என்றார். நான் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், நன்றாக இறுகியிருந்தது. 'வீட்டுல அக்கா சௌக்கியமா?' என்று கேட்டார். 'சௌக்கியம்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் வாயில் வந்த அதே பத்து நிமிஷம்தான் என் வாயிலும் வந்தது. அவருக்கு ஒரு வாரத் தண்டனை கொடுக்க நான் இருந்தேன், எனக்குக் கொடுக்க ஆள் இல்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் உனக்கு முக்கியம். பிரசவத்துக்கு வாம்மா, டிக்கெட் நாங்களே எடுக்கறோம் என்று நீ கேட்டபோது உன் அம்மா வரமாட்டேன் என்றாள். அப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது, அங்கே குளிர் எனக்கு ஒத்துக்காது என்று மூன்று காரணம் சொன்னாள். நீ அழுதாய். 'மத்தவங்க அம்மாவெல்லாம் ஓடி வர்றாங்க, எனக்குத்தான் வாய்க்கலை' என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அதிலிருந்து மூன்று வாரமாக நீ அவளோடு சரியாகப் பேசவில்லை, 'சாப்பிட்டேன்', 'டாக்டரிடம் போனேன்' என்று மெசேஜ் மட்டும் வருகிறது. அவள் அதையே நாலைந்து தடவை எடுத்துப் பார்க்கிறாள். எனக்கும் அவள் ஏன் மாட்டேன் என்கிறாள் என்று புரியவில்லை, என்னைத் தனியாக விடப் பயம் என்றே நினைத்தேன், எனக்குக் கொஞ்சம் கௌரவமாகக்கூட இருந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று பாதி வழியில் திரும்பி வந்தேன். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. முன் அறையில் உன் அம்மா ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு துண்டுச் சுருள், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், வலது கையைக் கீழே கொடுத்து, இடது கையை மேலே அணைத்து. வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தாள். ஒன்பது, பத்து என்று கேட்டது. பதினொன்றில் வலது கை விட்டுப்போனது, சுருள் சரிந்தது, அவள் சட்டென்று முழங்காலை மடக்கி அதில் தாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். துண்டு விலகியது, உள்ளே மாவுப் பொட்டலம், மூன்று கிலோ. அவள் அழவில்லை. பொட்டலத்தை மறுபடியும் துண்டில் சுற்றினாள், தலைப் பக்கம் இது, கால் பக்கம் இது என்று பார்த்து ஒழுங்காகச் சுற்றினாள், சுவரைப் பிடித்து எழுந்து மறுபடியும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தாள். நான் உள்ளே போகவில்லை. சத்தமில்லாமல் படியிறங்கி, காருக்குப் பக்கத்தில் போய் வெயிலில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, எதிர் வீட்டு டீச்சர் 'என்ன சார், வண்டி ஸ்டார்ட் ஆகலையா?' என்று கேட்டபோதுதான் சுயநினைவு வந்தது.

இப்போது புரிகிறதா ராஜாத்தி? அவள் உன்னைப் பார்க்க ஆசையில்லாமல் மாட்டேன் என்று சொல்லவில்லை. உன் குழந்தையைக் கீழே போட்டுவிடுவோமோ என்று பயந்து சொன்னாள். காரணத்தைச் சொன்னால் கையைப் பற்றிச் சொல்லவேண்டும், கையைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். அதனால் மூன்று பொய்க்காரணத்தைச் சொல்லி உன் கோபத்தை வாங்கிக்கொண்டாள். அந்தக் கோபம் என் பேருக்கு வரவேண்டியது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அதை என்மேல் காட்டு, நன்றாகக் காட்டு, நான் பேப்பரை முகத்துக்குப் பிடித்துக்கொள்ள மாட்டேன்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாப்பிள்ளையிடமும் சொல். குழந்தைச் சீட்டை இப்போதே வாங்கிப் பின்சீட்டில் மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள், முகம் பின்பக்கம் பார்க்கிற மாதிரி, கையால் பிடித்து ஆட்டினால் காரே ஆடவேண்டும், சீட் ஆடக்கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது மடியிலேயே வைத்துக்கொண்டு வரலாமே என்று மனசு கெஞ்சும், அழுதால் எடுத்துவிடலாம் என்று தோன்றும், எடுக்காதே, வண்டியை நிறுத்திவிட்டு எடு. தாயின் கையைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று சொல்வார்கள், ஓடுகிற வண்டிக்குள் அது சரியில்லை, எவ்வளவு ஆசையாகப் பிடித்தாலும் கை கைதான். தள்ளுவண்டி, பை, பால்புட்டி எல்லாம் டிக்கியில், கனமானது அடியில் சீட் முதுகோடு ஒட்டி. பின்கண்ணாடிக்குக் கீழே எதுவும் வைக்காதீர்கள். ஓட்டுகிறவர் காலடியில் உருளுகிற மாதிரி ஒரு தண்ணீர் பாட்டில்கூட வேண்டாம். டிக்கி நிறைந்துவிட்டால் இரண்டு நடையாகப் போங்கள். எவ்வளவு கிட்டத்தில் என்றாலும்.

இவ்வளவும் நேற்று எழுதியது. மடித்துக் கவரில் போட்டு, பீரோவில் சட்டைக்கு அடியில் வைத்துவிட்டு, இன்று காலை தபால்தலை வாங்கப் போனேன். திரும்பி வந்தால் உன் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். துவைத்த சட்டையை அடுக்கப் போனவள் கண்ணில் பட்டிருக்கிறது. நான் வாசற்படியிலேயே நின்றேன். கிழித்துவிடுவாள் என்று நினைத்தேன், 'மாசமா இருக்கிற பொண்ணுக்கு இதையெல்லாமா எழுதுவீங்க' என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாகக் கடைசிப் பக்கம் வரை படித்தாள், இடது கையால் ஒவ்வொரு தாளாகத் திருப்பி. மாவுப் பொட்டலம் வருகிற இடத்தில் மட்டும் தலையைத் தூக்கி, 'பார்த்துட்டீங்களா' என்று கேட்டாள், பதிலை எதிர்பார்க்காமல் மேலே படித்தாள். எல்லாம் முடித்துவிட்டு, 'எழுதினது எல்லாம் நடந்ததுதான். ஒண்ணு விட்டுட்டீங்க' என்றாள்.

என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அதைத்தான் 'மெஷினைத் தூக்கி நகர்த்தினேன்' என்ற வரியில் தாண்டிப் போனேன். காகிதத்தில் நழுவ முடியாது என்று மேலே எழுதியவன் காகிதத்திலும் நழுவியிருக்கிறேன். அவள் 'விரல் இருக்கற மாதிரியே தெரியலைங்க' என்று சொன்னபோது நான் முதலில் அவள் கையைப் பார்க்கவில்லை. இறங்கிப் போய்க் கார் முன்பக்கம் எங்கேயாவது இடித்திருக்கிறதா என்று பார்த்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்து, கை அந்த இரும்புக்கு அடியில் இருக்கும்போதே அவளிடம் சொன்னேன், 'ஒழுங்கா பிடிச்சிருக்கக் கூடாதா? ஒரு வேலை சொன்னா உருப்படியா செய்ய மாட்டியே' என்று. அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இந்த ஐந்து மாதத்தில் ஒருநாளும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொன்னாள். 'கை வலி மாத்திரை போட்டா அடங்குது. அந்தப் பேச்சுக்கு எந்த டாக்டர்கிட்ட போறது? நான் ஒழுங்கா பிடிக்கலையோ, நான் பிடிச்சிருந்தா நின்னிருக்குமோன்னு நான் எத்தனை நாள் யோசிச்சேன் தெரியுமா உங்களுக்கு?' என்றாள்.

எனக்கு அது தெரியவே தெரியாது ராஜாத்தி. அவள் தன்மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் உட்கார்ந்து, கிடங்கில் புது ஆட்களுக்குப் போடுகிற கணக்கை அந்தக் கவரின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். அவ்வளவு கனத்தை அந்த வேகத்தில், முன்னால் உட்கார்ந்து ஒரு கையைப் பின்னால் விட்டுப் பயில்வானே பிடித்தாலும் நிற்காது, நிற்காது என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் காரில் நான்தான் என்று சொன்னேன். அவள் கணக்கைப் பார்த்தாள். 'அப்ப என் தப்பு இல்லை' என்றாள். 'இல்லை' என்றேன். 'இதை நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாம்' என்றாள். அப்புறம்தான் அழுதாள். கை உடைந்த அன்றைக்குக்கூட அழாதவள், சின்னப் பிள்ளை மாதிரி தலையணையில் முகத்தை வைத்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், தொடலாமா என்றுகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது அவளே பேச்சை எடுத்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். 'நான் வர்றேன்னு எழுதுங்க. நிக்கறப்ப தூக்க மாட்டேன், உட்கார்ந்துக்கிட்டு மடியில வாங்கிக்கறேன், அதுக்குக் கை போதும். தூக்கிக் குடுக்கறதுக்கும் வாங்கறதுக்கும் ஒரு ஆள் வேணும், நீங்களும் வாங்க, அதுதான் உங்க வேலை.' உனக்கும் மாப்பிள்ளைக்கும் இரண்டு பேர் வருவது இடைஞ்சல் இல்லை என்றால் வருகிறோம். டிக்கெட் நீ எடுக்கவேண்டாம், அது என் பொறுப்பு. உன் கோபம் தீரவில்லை, அப்பா வரவேண்டாம் என்றால் அதையும் தயங்காமல் சொல், அம்மாவை மட்டும் அனுப்பிவைக்கிறேன், கை கொடுக்க அங்கே மாப்பிள்ளை இருக்கிறார்.

நீ நன்றாக இருக்கவேண்டும், ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாகப் பெற்றெடுக்கவேண்டும், உன் வயிற்றில் பிறப்பது உன் அம்மாவின் பொறுமையோடு பிறக்கட்டும், வேறு யாருடைய குணமும் வேண்டாம். இரண்டு பேருக்கும் எங்கள் மனம் நிறைந்த ஆசிகள். அம்மாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து முதல் பதினொன்று வரை கைப்பயிற்சி, அந்த நேரம் விட்டு மற்ற எந்த நேரமும் கூப்பிடு, மெசேஜ் வேண்டாம், குரல் கேட்கிற மாதிரி கூப்பிடு. முதலில் அவளிடம் பேசு, பிறகு எனக்குத் திட்டு மிச்சமிருந்தால் என்னிடம் கொடுக்கச் சொல்.

கடைசியாக 'அம்மா மன்னித்துவிட்டாள்' என்று ஒரு வரி எழுதலாம் என்று பேனாவை வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்தவள் காகிதத்தின்மேல் கையை வைத்துவிட்டாள். 'அதை மட்டும் எழுதாதீங்க. அதை நான் இன்னும் சொல்லலை' என்றாள்.

சரி, எழுதவில்லை.

இப்படிக்கு,
உனக்குப் பொய் சொன்ன உன் அப்பா